சுருங்காத புவியீர்ப்பு: மேசைமேல் ஒரு ஹம்ப் யார்டு

“பொறியியல் படித்துவிட்டுப் பொம்மை இரயிலா?” என்று கேலி செய்யாத நண்பர் எனக்கு இல்லை. ஆனால், நான்கு ஆண்டு பல்கலைக்கழகப் படிப்பில் எனக்குச் சரியாகப் புரியாத ஒரு பாடத்தை அந்தப் பொம்மை இரயில்தான் புரிய வைத்தது. அதை இவ்விதழ்வழி உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

என் அப்பா இரயில்வேயில் ஷண்டராக இருந்தவர். சரக்குப் பெட்டிகளைக் கழற்றுவதும் மாட்டுவதும் அவர் தொழில். அவருடைய யார்டில் எல்லாவற்றையும் எஞ்சின்தான் தள்ளும். அமெரிக்கா, ஜெர்மனி போன்ற நாடுகளில் வேறொரு முறையும் உண்டு. எஞ்சின் சரக்கு இரயிலை ஒரு மேட்டின்மேல் மெல்லத் தள்ளும். உச்சியில் கொக்கி கழற்றப்படும். பெட்டிகள் தாமாகவே உருண்டு இறங்கி, போகும் ஊருக்கேற்பப் பிரிக்கப்பட்ட தடங்களில் சேரும். இதுதான் ‘ஹம்ப் யார்டு’. நெப்ராஸ்கா மாநிலத்தின் பெய்லி யார்டில் இத்தகைய மேடுகள் இரண்டு உள்ளன. ஓய்வு பெற்ற அப்பாவுக்கு இதை மேசைமேல் செய்து காட்ட ஆசைப்பட்டேன்.

என் இரயில் 1:87 அளவுடையது. எனவே, 5 மீட்டர் மேட்டை 87ஆல் வகுத்து, 5.7 சென்டிமீட்டர் மேடு அமைத்தேன். முதல் பெட்டி பாய்ந்து இறங்கி, நின்ற பெட்டியில் மோதியது. இரண்டும் தடம் புரண்டன. அப்பா சிரிக்கவில்லை.

“இந்த வேகத்துல வந்தா, நடுவுல நிக்கிறவன் கதி என்னப்பா? ஆள் நடக்கிற வேகந்தான் இருக்கணும்” என்றார்.

அன்றிரவு கணக்குப் போட்டேன். உராய்வைத் தள்ளிவைத்துப் பார்த்தால், 5 மீட்டர் மேட்டிலிருந்து இறங்கும் உண்மைப் பெட்டியின் வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர். 5.7 சென்டிமீட்டரிலிருந்து இறங்கும் என் பெட்டியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர். இதை 87ஆல் பெருக்கினால் மணிக்கு 330 கிலோமீட்டரைத் தாண்டுகிறது! காரணம் எளிது. பெட்டியைச் சுருக்கினேன், மேட்டைச் சுருக்கினேன். புவியீர்ப்பைச் சுருக்க முடியவில்லை. உயரம் 87 மடங்கு குறைந்தால், வேகம் 87இன் வர்க்கமூலமான 9.3 மடங்குதான் குறையும்.

அப்படியானால், மேட்டைத் தாழ்த்தினால் போதுமா? போதாது. சின்னப் பெட்டிகளின் அச்சில் உராய்வு அதிகம். பாதி வழியிலேயே நின்றுவிடும். ஆகவே, உயரத்தை நகலெடுக்காமல் உராய்வை அளந்தேன். ஒரு மீட்டர் பலகையில் தண்டவாளம் பதித்து, ஒரு முனையைச் சிறிது சிறிதாக உயர்த்தினேன். பெட்டி நிற்காமல் உருளத் தொடங்கும் உயரமே அதற்குத் தேவையான சரிவு. பிளாஸ்டிக் சக்கரங்களை நீக்கி உலோகச் சக்கரங்கள் மாட்டினேன். எடையையும் சமப்படுத்தினேன், 15 சென்டிமீட்டர் பெட்டிக்கு ஏறத்தாழ 113 கிராம். பிறகு, மிக மந்தமாக ஓடும் பெட்டிக்கு ஏற்ப மேட்டை அமைத்தேன். உண்மை யார்டுகளிலும் இதுவே விதி: மேடு மந்தமான பெட்டிக்கு, தடுப்பு வேகமான பெட்டிக்கு.

உண்மை யார்டுகளில் தண்டவாளத்தையொட்டிய இரும்புக் கட்டைகள் சக்கரத்தை இருபுறமும் இறுக்கி வேகத்தைக் குறைக்கும். நான் தண்டவாளங்களுக்கு நடுவே சிறு துளைகள் இட்டு, பெட்டிக்கு எதிராகக் காற்று பீய்ச்சினேன். வண்ணம் தெளிக்கும் சிறிய கம்ப்ரஸரே அதற்குப் போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஏற்றபடி வால்வைத் திருப்பலாம். கொக்கியைக் கழற்ற, உச்சிக்குச் சற்று முன்னால் தண்டவாளங்களுக்கிடையே ஒரு காந்தம் வைத்தேன்.

மணிக்கு 6 கிலோமீட்டர் என்ற நடை வேகம் என் மேசையில் விநாடிக்கு 2 சென்டிமீட்டர்தான். அதை என்னால் எட்ட முடியவில்லை. அவ்வளவு மெதுவாக வந்தால் பெட்டி நின்றுவிடுகிறது. 10 சென்டிமீட்டரோடு திருப்தி அடைந்தேன்.

அப்பாவை மீண்டும் அழைத்தேன். வால்வை அவரிடமே கொடுத்தேன். பெட்டி இறங்கியது, காற்று தடுத்தது, கொக்கிகள் ‘டிக்’கென்று சேர்ந்தன.

“இன்னும் வேகந்தான்,” என்றவர், அடுத்த பெட்டியை எடுத்து உச்சியில் வைத்தார்.