பருவத்திற்கேற்ற சமையலும் வீட்டுச் செலவும்

காய்கறிகளின் விலை ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் பருவத்தைப் பொறுத்தவை. மலிந்த காலத்தில் வாங்கிச் சமைத்து, மிகுதியைப் பதப்படுத்தி வைக்கும் குடும்பம் மழைக்காலத்தில் கைவறட்சியின்றி நாட்களைக் கழிக்கும். வருஷம் முழுவதும் ஒரே விதமாகச் சமைக்கும் குடும்பமோ, சில மாதங்களிலாவது காய்க்கடையில் கடன் சொல்ல நேரிடும். ஆகையால் சமையல் என்பது ருசியைப் பற்றிய விஷயம் மட்டுமன்று. சிக்கனத்தையும் தேகசுகத்தையும் சார்ந்த விஷயமுமாகும்.

சென்னைக்கு மேற்கேயுள்ள அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களைச் சுற்றி முற்காலத்தில் ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்தது. 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் ஏற்பட்ட பின், வயல்கள் பெரும்பாலும் மனைகளாயின. இப்பொழுது இவ்வூர்களிலுள்ள குடும்பங்களில் அநேகம் காய்கறிகளை விலைக்கே வாங்குகின்றன. 1996ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கோயம்பேடு சந்தைக்குத் தூரதேசங்களிலிருந்தும் சரக்கு வருவதால், எக்காயும் எக்காலத்திலும் அகப்படுகிறது. எது எப்பருவத்திற்கு உரியது என்னும் நினைவு அதனால் மங்கிவருகிறது. பருவத்துக்கொன்றாக மூன்று சாப்பாட்டு முறைகள் கீழே தரப்பட்டுள்ளன. அளவுகள் ஐந்து பேருக்கு உரியவை.

கோடைக்காலம் (சித்திரை முதல் ஆனி வரை)

ஆரம்பத்தில் பருக நீர்மோர் சிறந்தது. அரை லிட்டர் தயிரைக் கடைந்து, இரண்டு லிட்டர் நீர் விட்டு, இஞ்சி, கறிவேப்பிலை, உப்புச் சேர்த்தால் போதுமானது. அடுத்து, முருங்கைக்காயும் மாங்காயும் சேர்ந்த சாம்பார். துவரம்பருப்பு 150 கிராம், முருங்கைக்காய் மூன்று, புளிப்புள்ள மாங்காய் ஒன்று கொள்ள வேண்டும். மாங்காய் இருப்பதால் புளி வேண்டுவதில்லை. பருப்பு நன்றாகக் குழைந்த பிறகே மாங்காயைப் போடுதல் வேண்டும். புளிப்பு முன்னதாகச் சேர்ந்தால் பருப்பு எளிதில் வேகாது. புழக்கடையில் முருங்கைமரம் உள்ளவர்கள் அதன் கீரையையும் பொரியல் செய்து கொள்ளலாம். கண்பார்வைக்கு உதவும் ஏ ஜீவசத்துக்கு ஆதாரமான பொருள் அதில் மிகுதி. சிறிது எண்ணெயோ தேங்காயோ சேர்ந்தால்தான் உடல் அதை நன்கு ஏற்கும். முடிவில் நுங்குப் பாயசம்: பத்து நுங்குகளைத் தோல் நீக்கி மசித்து, காய்ச்சி ஆறிய அரை லிட்டர் பாலில் கலந்து, பனங்கற்கண்டும் ஏலக்காயும் சேர்க்க வேண்டும்.

வெயில் மிகுந்த இந்நாட்களே வற்றல் போடுவதற்கும் உரியவை. ஒரு கிலோ சுண்டைக்காயை லேசாக நசுக்கி, உப்பிட்ட புளித்த மோரில் ஓரிரவு ஊறவைத்து, மறுநாள் வடித்து வெயிலில் உலர்த்தவேண்டும். மாலையில் அதே மோரில் மீண்டும் இடவேண்டும். மோர் முழுவதும் இழுபட்ட பின் கலகலவென்று காயும் வரை உலர்த்துதல் அவசியம். ஈரம் சிறிதளவு நின்றாலும் பூஞ்சணம் பிடித்துவிடும். கொத்தவரங்காய், மணத்தக்காளி முதலியவற்றையும் இவ்வாறு வைத்துக்கொள்ளலாம்.

மழைக்காலம் (ஐப்பசி, கார்த்திகை)

வடகிழக்குப் பருவமழையில் கீரைகள் அழுகும். தக்காளி விலை ஏறும். 2015ஆம் வருஷம் டிசம்பர் மாதத்துப் பெருமழையில் பல சாலைகள் நீரில் மூழ்கியபொழுது, சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் காய்கறி வரத்துக் குறைந்து விலை மிகவும் உயர்ந்தது. இத்தகைய நாட்களுக்கே வற்றல் பானை வேண்டும்.

ஆரம்பத்தில் தக்காளியில்லாத மிளகு ரசம்: எலுமிச்சை அளவு புளி, மிளகு இரண்டு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, பூண்டு ஆறு பல் போதும். அடுத்து, சுண்டைவற்றல் குழம்பும் சேனைக்கிழங்கு வறுவலும். சேனையைப் புளிநீரில் வேகவைத்து வடித்த பின் வறுத்தால் நாவில் அரிப்புத் தோன்றாது. முடிவில் கார்த்திகை தீபத்திற்குச் செய்யும் அப்பம்: பச்சரிசி மாவு இரண்டு கிண்ணம், வெல்லம் ஒரு கிண்ணம், கனிந்த வாழைப்பழம் ஒன்று, ஏலக்காய்.

பனிக்காலம் (மார்கழி முதல் மாசி வரை)

ஆரம்பத்தில் நெல்லிக்காய்ப் பச்சடி. ஐந்து பெருநெல்லிக்காய்களைத் துருவி, தயிரில் பச்சையாகவே கலக்க வேண்டும். சி ஜீவசத்து சூட்டினால் குறைந்துபோகும். அடுத்து, அவரை, மொச்சை, பரங்கி, சர்க்கரைவள்ளி முதலியவை சேர்ந்த பொங்கற் குழம்பு. வகைக்கு நூறு கிராம் போதும். ஒன்றையே மிகுதியாக வாங்குவதைவிடப் பலவற்றைச் சிறிது சிறிதாக வாங்குவது உசிதம். முடிவில், பொங்கல் தினத்தில் சர்க்கரைப் பொங்கலும், மற்ற நாட்களில் வெல்லப்பாகில் இட்ட சர்க்கரைவள்ளியும் அமையும்.

வற்றலிலும் ஊறுகாயிலும் உப்பு அதிகமாதலால், ரத்த அழுத்தமுள்ளவர்கள் அவற்றை மிகக் குறைவாகவே கொள்ளவேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் வெல்லப் பண்டங்களைத் தவிர்ப்பது நலம்.

ஆவடிக்கு மேற்கே அதே இருப்புப்பாதையை அடுத்துள்ள திரூரில், 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் தேசத்தின் முதற் சங்கங்களுள் ஒன்று தோன்றியது. குடியானவர்களை வட்டிக்கடனிலிருந்து மீட்பதே அத்தகைய சங்கங்களின் நோக்கம். பெருங்கடன் பலவும் சில்லறைக் கடனிலிருந்தே வளர்வதால், அந்நோக்கத்திற்கு அடுக்களையும் துணைசெய்ய இயலும். ஒவ்வொரு வீட்டிலும் எந்த மாதத்தில் எந்தக் காய் மலிகிறது என்பதை ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்தல் நலம். ஒரு வருஷம் அதைக் கவனித்து நடந்தால், மறுவருஷம் சித்திரையில் எவ்வளவு வற்றல் போடவேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.