ரெண்டு ரூபாய் வட்டி எல்லாம் ஒன்றா?



போன மாதக் கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து கேட்டாங்க: "நம்ம குழுவுலயும் நூத்துக்கு ரெண்டு ரூபா வட்டி. வாசலுக்கே வந்து கடன் குடுக்கிறவங்களும் ரெண்டு ரூபாதான்னு சொல்றாங்க. அப்புறம் எதுக்கு மாசாமாசம் கூட்டம், நோட்டு, கையெழுத்துன்னு இந்தப் பாடு?"

நியாயமான கேள்வி. கணக்குப் போட்டே பார்ப்போம்.

12,000 ரூபாய் கடன், 12 மாதம், மாதம் 1,000 அசல். நம் குழுவில் மீதி இருக்கும் அசலுக்குத்தான் வட்டி. முதல் மாதம் 240, அடுத்த மாதம் 220, இப்படிக் குறைந்து கடைசி மாதம் 20. மொத்த வட்டி 1,560 ரூபாய்.

வெளியில் சிலர் கடைசி வரைக்கும் முழு 12,000-க்கே வட்டி போடுவாங்க. மாதம் 240 வீதம் மொத்தம் 2,880 ரூபாய். பேர்தான் ரெண்டு ரூபாய். உண்மையில் அது மூணரை ரூபாய் வட்டி! அதோடு, வெளியில் கட்டும் வட்டி ஊரை விட்டுப் போகுது. குழுவில் கட்டும் வட்டி நம்ம பொது நிதியிலேயே சேருது.

இந்தப் பாடத்தை நமக்கு முன்னால் படித்தவங்க சென்னை மயிலாப்பூர்ப் பெண்கள். பூக்கூடை, காய்கறித் தட்டு, இட்லிக் கடை வைத்துப் பிழைத்தவங்க. காலையில் தண்டல்காரரிடம் 90 ரூபாய் வாங்கினால் சாயங்காலம் 100 ரூபாய் தரணும். ஒரு பகலுக்கு வட்டி பத்து ரூபாய்! 1978-ல் ஜெயா அருணாசலம் அம்மா மயிலாப்பூரில் 'ஒர்க்கிங் வுமன்ஸ் ஃபோரம்' என்ற அமைப்பைத் தொடங்கி, இவங்களைத் தெருத்தெருவாகக் குழு சேர்த்தார். ஒருத்திக்கு இன்னொருத்தி ஜாமீன். முதலில் தேசிய வங்கிகளில் 4 சதவீத வட்டித் திட்டத்தில் சிறு கடன் வாங்கினாங்க. ஆனால் படிவம், அலைச்சல், காத்திருப்பு என்று வியாபார நேரமே போச்சு. அதனால் 1981-ல் தங்களுக்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தாங்க. பிறகு அந்த அமைப்பு அதிராம்பட்டினம் மீனவப் பெண்களிடமும், திண்டுக்கல் பக்கம் மாடு வளர்க்கும் பெண்களிடமும் போய்ச் சேர்ந்தது. நமக்குத் தெரிந்த சுயஉதவிக் குழுக்கள் 1989-ல் தருமபுரியில் தொடங்கியவை. 1992-ல் நபார்டு, குழுக்களை வங்கியோடு இணைத்தது.

சரி, நகரத்துப் பாடம் அப்படியே நம்ம ஊருக்குப் பொருந்துமா? பொருந்தாது. பூக்கார அம்மாவுக்குத் தினமும் காசு புரளும். சம்பா போட்ட நமக்குத் தை, மாசியில்தான் காசு.

எங்கள் பகுதியில் ஒரு சகோதரி நடவுக்கு வாரத் தவணையில் வெளிக்கடன் வாங்கினாங்க. நெல் இன்னும் கதிர் விடலை, தவணை மட்டும் வாராவாரம் வந்து நின்றது. அதைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மூணாவது. அறுப்புக்கு முன்னாலேயே ரெண்டு ஆடும் போச்சு. வெட்கத்தில் குழுக் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திட்டாங்க. ஏன் வரலைன்னு நாங்க யாரும் வீட்டுக்குப் போய்க் கேக்கலை. நானும்தான். அந்தத் தப்பு இன்னும் மனசை உறுத்துது.

குழு நம்முடையது, தவணையையும் நாமே தீர்மானிக்கலாம். பால் ஊத்துறவங்க பால் பணம் வரும் நாளில் கட்டலாம். நடவுக் கடனுக்கு மாதாமாதம் வட்டி மட்டும், அறுப்பு முடிந்ததும் அசல் என்று தீர்மான நோட்டில் எழுதலாம். ஆனால் ஒன்று: அசல் குறையாததால் வட்டியும் குறையாது. 12,000-க்கு ஐந்து மாதத்தில் 1,200 ரூபாய் வட்டி. எல்லோரும் ஒரே சமயத்தில் இப்படி வாங்கினால் குழுவில் பணமும் சுழலாது. அதனால் ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று ஒரு பங்கை எப்போதும் ஒதுக்கி வையுங்கள்.

வெளியில் கடன் வாங்கியே ஆகணும் என்றால், கையெழுத்துக்கு முன் இவற்றைக் கேளுங்கள்:

* வட்டி மீதி அசலுக்கா, முழு அசலுக்கா?
* பிடித்தம் போக கையில் எவ்வளவு வரும்? மொத்தம் எவ்வளவு கட்டணும்?
* தமிழில் எழுதிய கடன் அட்டை உண்டா?

ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டு வந்த விதிகளையும் தெரிந்து வையுங்கள். வங்கி, நிதி நிறுவனம் தரும் சிறுகடன்களில், ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. வசூலுக்கு வருகிறவர் மிரட்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் செய்து தொந்தரவு பண்ணக் கூடாது. சிறுகடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது.

அடுத்த கூட்டத்தில் ஊக்குநர், பிரதிநிதி இருவரும் வருகைப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். மூன்று கூட்டமாக வராத சகோதரி யார்? அபராதம் போடுவதற்கு முன் நாலு பேராக அவங்க வீட்டுக்குப் போய் உக்காந்து பேசுங்கள். வாசலுக்கு வந்து கடன் தர ஆள் உண்டு. "ஏம்மா வரலை?" என்று கேட்க நம்மை விட்டால் யார் இருக்காங்க?