'உனக்குத் தெரியுமா?' என்று கேட்ட திருகோணமலைப் பாட்டு... உங்களுக்குத் தெரியுமா?

ஈழத்தின் முதல் தமிழ் இசைத்தட்டு என்று ரசிகர்கள் இன்றும் கொண்டாடும் பாட்டு எந்த ஊர்ப் பாட்டு தெரியுமா? கொழும்பா? யாழ்ப்பாணமா? இரண்டும் இல்லை, திருகோணமலை! இந்தத் துறைமுகத்து ஊரின் பிள்ளை எம்.பி. பரமேஷ் இசையமைத்துப் பாடிய காதல் பாட்டு அது. இன்னும் கேளுங்கள்: அந்தப் பாட்டு தொடங்குவதே 'உனக்குத் தெரியுமா' என்றுதான்!

பரமேஷ் என்றதும் பழைய ரசிகர்கள் அடுத்த மூச்சில் என்ன பெயர் சொல்வார்கள் தெரியுமா? கோணேஷ்! சகோதரர்கள் இருவரையும் 'பரமேஷ் - கோணேஷ்' என்று சேர்த்துச் சொன்னால்தான் அவர்களுக்கு நிறைவு. கோணேஷ் என்ற பெயரைச் சற்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். மலைமேல் இருக்கும் கோணேசர் அதில் கேட்கிறார் அல்லவா!

பக்கத்துக்கு ஒரு பாட்டு என்ற 'சிங்கிள்' தட்டு எப்படிப் பரவியது தெரியுமா? 1949இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் ஏழு அங்குலத் தட்டை வெளியிட்டது. நிமிடத்துக்கு 45 சுற்று. மூன்று நிமிடப் பாட்டு முடிவதற்குள் தட்டு 135 தடவை சுற்றிவிடும்! அதில் முள் ஓடும் வரிப்பள்ளத்தை நூல்போல் நீட்டினால் நீளம் 50 மீட்டரைத் தாண்டும். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலைப் பாறையின் உச்சியிலிருந்து அந்த நூலைத் தொங்கவிட்டால் கடலை நோக்கிப் பாதித் தூரம் இறங்கிவிடும். உள்ளங்கையில் பிடிக்கிற தட்டுக்குள் இவ்வளவு நீளமான பாதை!

திருகோணமலையைக் குண்டுகள் உலுக்கிய போருக்கும் நம் வீட்டு வானொலிக்கும் என்ன உறவு தெரியுமா? 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தைத் தாக்கின. அந்த இரண்டாம் உலகப் போரின் பிற்பகுதியில், தென்கிழக்காசியாவில் நின்ற நேச நாட்டுப் படையினருக்காக இலங்கையிலிருந்து 'ரேடியோ சீயாக்' என்ற வானொலி ஒலித்தது. அதன் சக்திமிக்க ஒலிபரப்புக் கருவிகள் 1949இல் இலங்கை வானொலியின் கைக்கு வந்தன. வீரர்களின் தனிமையைப் போக்க வந்த அலைதான் பிறகு கடல் தாண்டித் தமிழ்நாட்டுத் திண்ணைகளிலும் தேநீர்க் கடைகளிலும் பாடியது!

கோயிலை இடித்தவர்கள் விட்டுச்சென்ற இசை எது தெரியுமா? போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் கோயிலைத் தகர்த்தார்கள். அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். அவர்கள் ஆட்சி போய் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆனால் கல்யாண வீட்டில் காலைத் தூக்கி ஆட வைக்கும் பைலா இன்றும் இருக்கிறது. 'ஆடுதல்' என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்தே அந்தப் பெயர் வந்தது. அந்தப் பைலாத் துள்ளலில் மீன் கொண்டுவரும் கதை சொன்ன 'சுராங்கனி'யை ஏ.ஈ. மனோகரன் பாடிப் புகழாக்கினார். 1977இல் இளையராஜா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்திலும் அது ஒலித்தது. பாக்குநீரிணையைக் கடக்கப் பாட்டுக்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை!

கடல் கடந்த பாட்டு இந்த ஊருக்குப் புதிதா என்ன? ஏழாம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் கோணமாமலையைப் பாடிவிட்டார். மூன்றாம் திருமுறையில் புறநீர்மைப் பண்ணில் அந்தப் பதிகம் இருக்கிறது. அவர் இங்கே வந்து பாடவில்லை, இராமேசுவரத்தில் நின்றே பாடினார் என்பது மரபு. தட்டும் இல்லை, வானொலியும் இல்லை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக வாய்வழியே வந்து இன்றும் கோயிலில் ஒலிக்கிறது!

மனிதர் மட்டும்தான் இங்கே பாடுகிறார்கள் என்று நினைத்தீர்களா? திருகோணமலைக்கு வெளியே கடல் சட்டென்று ஆழமாகிவிடுகிறது. அதனால் உலகின் மிகப் பெரிய விலங்கான நீலத்திமிங்கிலம் கரைக்கு அருகிலேயே வருகிறது. 1980களில் ஆய்வாளர்கள் இந்தக் கடலுக்குள் ஒலிவாங்கியை இறக்கி அதன் பாட்டைப் பதிவு செய்தார்கள். ஒவ்வொரு கடற்பகுதித் திமிங்கிலத்துக்கும் தனிப் பாட்டு உண்டு. இந்தக் கடலின் பாட்டை அறிவியலார் இலங்கையின் பெயராலேயே அடையாளம் காண்கிறார்கள்!

பரமேஷின் பாட்டு என்ன ஆனது? உள்நாட்டுப் போர் வந்தது, மக்கள் சிதறினார்கள். தட்டு சுழற்றும் கருவிகளும் வீடுகளிலிருந்து மறைந்தன. ஆனாலும் புலம்பெயர் வானொலிகள் அந்தக் குரலைத் தேடி எடுத்து மறுபடி ஒலிக்கவிட்டன. அவர் மகள் பிரபாலினி பாடகியாகவும் இசையமைப்பாளராகவும் அந்த இசையைத் தொடர்கிறார். ஒரு தட்டில் தொடங்கியது அடுத்த தலைமுறையின் கைக்குப் போய்விட்டது!

உங்கள் வீட்டில் அம்மம்மாவோ தாத்தாவோ இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். பாட்டின் முதல் இரண்டு சொல்லை மட்டும் சொல்லுங்கள், மீதியை அவர்களே பாடக்கூடும். இனி யாராவது உங்களிடம் 'உனக்குத் தெரியுமா' என்று தொடங்கினால் தயங்காமல் சொல்லுங்கள்: "தெரியும்! அது எங்கள் திருகோணமலைப் பாட்டு!"