மாடிக்கு எட்டாத வைஃபை: பரணில் கிடக்கும் ரவுட்டர் போதும்



நம் டிரஸ்ட்டின் கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களை இப்போது ஆன்லைனில் பெறுகிறோம். இந்த ஆண்டு கடைசி நாளில், அனுப்ப முடியாமல் சில பிள்ளைகள் அலுவலகத்துக்கு ஓடி வந்தார்கள். வீட்டில் இணையம் இருக்கிறது. ஆனால் ரவுட்டர் கீழே முன்கூடத்தில். பிள்ளை படிப்பது மாடியில். கான்கிரீட் தளத்தையும் சுவர்களையும் தாண்டும்போது வைஃபை வலுவிழந்துவிடுகிறது. இதற்காக மாதக் கட்டணத்தில் இரண்டாவது இணைப்பு வாங்கிய குடும்பங்களும் உண்டு. பழைய ரவுட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் அது வீண் விரயம். இரண்டையும் இணைத்துவிடலாம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வோம். வீட்டிலுள்ள ஒவ்வொரு போனுக்கும் ரவுட்டர் ஓர் எண் வழங்குகிறது. இந்த வேலைக்குப் பெயர் டிஎச்சிபி. நோன்புக் கஞ்சிக்கு இருவர் தனித்தனியே டோக்கன் கொடுத்து, ஒரே எண் இரண்டு பேரிடம் போனால் வரிசை என்னவாகும்? அதுபோல் இரண்டு ரவுட்டர்களும் எண் வழங்கினால் இணைப்பு குழம்பும். டோக்கன் கொடுப்பவர் ஒருவராகவே இருக்க வேண்டும்.

செய்முறை இதுதான்:

1. பழைய ரவுட்டரின் ரீசெட் துளையை ஊசியால் 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு அதைக் கம்ப்யூட்டருடன் மட்டும் கேபிளால் இணைத்து, அடியில் ஒட்டியுள்ள முகவரி, பாஸ்வேர்டு கொண்டு உள்ளே செல்லுங்கள்.

2. முதல் ரவுட்டரின் முகவரி 192.168.1.1 என்றால், பழையதற்கு 192.168.1.2 என்று கொடுங்கள். முதல் ரவுட்டர் எண் வழங்குவதை 192.168.1.10 இலிருந்து தொடங்கும்படி மாற்றிவிட்டால் மோதல் வராது.

3. கேபிளைக் கழற்றிச் செருகி, புதிய முகவரியில் மீண்டும் உள்ளே சென்று, வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கீழே உள்ளதைப் போலவே வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனல் ஒன்றில் 1 என்றால் மற்றதில் 6 அல்லது 11 இருக்கட்டும். கடைசியாக டிஎச்சிபியை நிறுத்துங்கள்.

4. இனி முதல் ரவுட்டரின் லேன் போர்ட்டிலிருந்து பழையதன் லேன் போர்ட்டுக்கு ஒரே ஒரு கேபிள் போடுங்கள். பழையதன் வேன் போர்ட் காலியாகவே இருக்கட்டும். கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். எந்த வீட்டுக்கும் இது தாராளம்.

இதனால் நீங்கள் வாங்கிய வேகம் கூடாது. அந்த வேகம் மாடிக்கும் வந்து சேரும், அவ்வளவே.

இன்னொன்று. இரண்டு ரவுட்டர்களிலும் கம்பெனி கொடுத்த அட்மின் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். வைஃபை பாஸ்வேர்டும் ஓர் அமானிதம். உங்கள் இணைப்பில் யாரோ செய்யும் தவறுக்கு முதலில் விசாரிக்கப்படுவது உங்கள் பெயர்தான்.

செய்யத் தயங்குபவர்கள் ஞாயிறு அஸருக்குப் பின் பழைய ரவுட்டருடன் அலுவலகம் வாருங்கள். நம் கல்லூரி மாணவர்கள் கட்டணமின்றிச் சரிசெய்து தருவார்கள். உங்களுக்குத் தேவைப்படாத ரவுட்டர் இருந்தால் கொடுத்து உதவுங்கள். தேவையுள்ள வீட்டில் சேர்த்துவிடுகிறோம். அடுத்த ஆண்டு எந்தப் பிள்ளையின் விண்ணப்பமும் மாடிப்படியில் நின்றுபோகாது, இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.
செயலாளர்