ஆச்சியின் பிடி அரிசி

உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைக் காணிக்கையாகத் தனிக் கலயத்தில் போடுவது நெல்லைக் கிறிஸ்தவ வீடுகளின் வழக்கம். எங்கள் ஆச்சி, பேரப்பிள்ளைகளுக்கே அரிசி போதாத நாளிலும் அதை நிறுத்தியதில்லை. "நம்ம பங்கு குறையட்டும், ஆண்டவர் பங்கு குறையக்கூடாது" என்பார். வாரந்தோறும் தெருத்தெருவாகச் சென்று பிறர் வீட்டு அரிசியையும் வாங்கி, தலைச்சுமையாக ஆலயத்தில் சேர்ப்பார். விற்ற பணம் மிஷன் ஊழியத்துக்குப் போகும்.

1903-ல் அசரியா முதலானோர் திருநெல்வேலியில் நிறுவிய இந்திய மிஷனெரி சங்கம், தெலுங்கு நாட்டின் டோர்னக்கல்லில் ஊழியத்தைத் தொடங்கியது. ரயில்வே பணியில் அந்த ஜங்ஷனை நான் பலமுறை கடந்திருக்கிறேன். ரயிலேறி அறியாத ஆச்சியின் கைப்பிடி அரிசி, எனக்கு முன்பே அங்கு போய்ச் சேர்ந்திருந்தது!

குக்கர் வைக்கும் நம் வீடுகளிலும், பசித்தவர்க்கென ஒரு கலயம் இருக்கட்டுமே.