மாட்டுக்குப் பொங்கல்... ஒரு கைப்பிடி போதும்!

கொம்புக்கு வர்ணம் பூசி, கழுத்தில் மாலை போட்டு, பானைப் பொங்கலில் பாதியை மாட்டுக்கே ஊட்டிவிடுகிறோம். பாசம்தான்! ஆனால் மறுநாள் காலை அது அசை போடாமல், பல்லை நறநறவென்று கடித்தபடி தலையைத் தொங்கப் போட்டு நின்றால்? திண்டுக்கல் பக்கம் மாடு வைத்திருக்கும் வீடுகளுக்கு இது தெரிந்த கதைதான். கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சோற்றை அண்டாவோடு தொட்டியில் கவிழ்த்தாலும் இதே கதிதான்.

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறையான அசையூண் வயிறு, பெரிய கறவை மாட்டில் 100 லிட்டருக்கும் மேல் பிடிக்கும். சோளத்தட்டையையும் வைக்கோலையும் அங்கே செரிக்க வைப்பது மாடல்ல, கோடானுகோடி நுண்ணுயிர்கள். அவை நாரை மெதுவாகப் புளிக்க வைத்து அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்ரிக் அமிலங்களாக்கித் தருகின்றன. மாட்டுக்குப் பெரும்பகுதி சக்தி அதிலிருந்துதான். அமிலம் மிஞ்சிவிடாமல் காப்பது எச்சில். அசை போடப் போட, ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கும் மேல் ஊறும் அந்த எச்சிலில் நாம் ஆப்பத்துக்குப் போடும் சோடா உப்பு இயற்கையாகவே இருக்கிறது. அதனால் பி.எச். அளவு 6-லிருந்து 7-க்குள் நிற்கும்.

சோறு உள்ளே போனால் எல்லாம் தலைகீழ். வெந்த மாவுச்சத்து வேகமாகப் புளிக்கும். மெல்ல வேலையில்லாததால் எச்சிலும் ஊறாது. லாக்டிக் அமிலத்தைச் சுரக்கும் கிருமிகள் பெருகி பி.எச். 5-க்கும் கீழே இறங்க, நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடியும். ரத்தத்திலுள்ள நீரை வயிறு இழுத்துக்கொள்ள, கண் குழி விழும். சாணம் புளித்த வாடையோடு தண்ணீராகப் போகும். அமிலம் ரத்தத்திலும் ஏறி, மாடு படுத்துவிட்டால் பிழைப்பது கஷ்டம்.

வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கம் மக்காச்சோளம் அறுத்த காட்டில் ஆட்டை விடுகிறவர்களும் கவனிக்க வேண்டும். உதிர்ந்த கதிரை வயிறு முட்டத் தின்ற ஆட்டுக்கும் இதேதான் நடக்கும். முதல் நாள் வேறு தீவனம் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் மட்டும் மேய விடுங்கள்.

இன்னொன்று, பால் கூடட்டும் என்று தட்டையைக் குறைத்து மாவுத்தீவனத்தை அள்ளி வைத்தால் அசிட்டிக் அமிலத்தின் பங்கு குறையும். பாலில் கொழுப்பும் இறங்கும். சொசைட்டியில் காசு கொழுப்பைப் பார்த்துத்தானே!

தானியம் சேர்ப்பதென்றால் இரண்டு வாரத்தில் சிறுகச் சிறுகக் கூட்டுங்கள். மாடு சோற்றை நிறையத் தின்றது தெரிந்தால் நோய் தெரியும்வரை காத்திருக்காதீர்கள். மிச்சத்தை அகற்றிவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். கால்நடை ஆம்புலன்சுக்கு எண் 1962. சோடா உப்புக் கரைசலை எவ்வளவு கொடுப்பது என்று அவரிடமே கேளுங்கள். படுத்துவிட்ட மாட்டின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.