பேன்ஸி மார்க்கெட் பிளாப்பியும் நரகத்துப் போரும்

மாலையில் விளக்கேற்றி முடிந்ததும் நான் நரகத்திற்குப் புறப்பட்டு விடுகிறேன். இடது கையில் கேடயம், வலது கையில் துப்பாக்கி. எதிரே கொம்பு முளைத்த பிசாசுக் கூட்டம். "காபி ஆறுது, அப்புறமா சண்டை போடலாம்" என்று அடுப்படியிலிருந்து என் மனைவி குரல் கொடுப்பாள்.

ரயில்வே சிக்னல் பிரிவில் 37 வருடம் வேலை பார்த்து 2018-ல் ஓய்வு பெற்ற 67 வயதுக்காரனுக்கு இது என்ன விளையாட்டு என்று நம் சங்கத்து அன்பர்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டு மேலே படியுங்கள். இதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதைத் தீர்க்கத்தான் இந்தக் கட்டுரை.

1996-ஆம் வருடம். எஸ்பிளனேடிலிருந்து மைதானம் வழியாகக் கிடர்பூருக்கு 36-ஆம் நம்பர் டிராம் ஓடிக்கொண்டிருந்த காலம். கிடர்பூர் பேன்ஸி மார்க்கெட்டைப் பற்றிக் கல்கத்தாத் தமிழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்திலேயே துறைமுகம். சென்ட், கைக்கடிகாரம், கேசட் பிளேயர் என்று வெளிநாட்டுச் சாமான் எது வேண்டுமானாலும் அங்கேதான் போவோம். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் பிளாப்பிகளும் அந்தச் சந்துகளுக்கு வந்து சேர்ந்தன.

அப்போது என் மகனுக்கு 12 வயது. எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. கப்பலில் வேலை பார்த்த ஒரு பக்கத்து வீட்டுக்காரரிடம் இருந்தது. அவர் பையனும் இவனும் ஒரே வகுப்பு. பூஜைக்குக் கொடுத்த காசைச் சேர்த்து வைத்து, ஒரு நாள் இரண்டு பிளாப்பி வாங்கிக்கொண்டு வந்தான். மேலே பேனாவால் 'டூம்' என்று எழுதியிருந்தது. கம்பெனி முத்திரை இல்லை, அட்டைப் பெட்டி இல்லை, ரசீதும் இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "திருட்டுச் சரக்கா வாங்கிட்டு வர்றே?" என்று கேட்டேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் கேட்கவில்லை. இரண்டு பிளாப்பிகளையும் அவன் கண் முன்னாலேயே வளைத்து உடைத்தேன். கன்னத்தில் ஒன்றும் வைத்தேன்.

அவன் அழவில்லை. அன்றிலிருந்து எதையும் என்னிடம் வந்து காட்டவும் இல்லை. படித்தான், நல்ல வேலைக்குப் போனான், ஹைதராபாத்தில் குடும்பத்தோடு இருக்கிறான். வாரம் தவறாமல் போன் செய்வான். "சாப்டாச்சா? பிரஷர் மாத்திரை இருக்கா?" அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அம்மாவிடம்.

சென்ற 2025 பூஜை விடுமுறைக்கு வந்தபோது தன் பிளேஸ்டேஷன் பெட்டியையும் எடுத்து வந்திருந்தான். அதில் அதே 'டூம்' வரிசையின் புதிய விளையாட்டு. அந்த வருடம் மே 15-ஆம் தேதி வெளியான 'டூம்: தி டார்க் ஏஜஸ்'. இரவில் அவன் ஆட, நான் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். "நீங்க ஒரு தடவை பாக்கறீங்களாப்பா?" என்று நீட்டினான். மறுக்கத் தோன்றவில்லை. ஊருக்குப் போகும்போது பெட்டியை வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போனான்.

தெரியாதவர்களுக்காகச் சிறிது விளக்கம். நம் கண்ணால் பார்ப்பது போலவே திரை இருக்கும். கையில் உள்ள ஆயுதம் மட்டும் கீழே தெரியும். நடந்து போய் எதிரிகளைச் சுட வேண்டும். பழைய கதை இதுதான்: செவ்வாய்க் கிரகத்தின் துணைக்கோள்களில் ஒரு கம்பெனி விஞ்ஞானப் பரிசோதனை செய்யப் போய், நரகத்தின் கதவு திறந்துகொள்கிறது. ஒற்றைச் சிப்பாய் அத்தனை பிசாசுகளையும் எதிர்க்கிறான். புதிய விளையாட்டு அதே வீரனின் முற்காலக் கதை. கோட்டை, கொத்தளம், பறக்கும் டிராகன், கட்டடம் உயரத்துக்கு ஓர் இயந்திர மனிதன் என்று 22 அத்தியாயங்கள்.

முதல் டூம் வெளியானது 1993 டிசம்பர் 10-ல். டெக்சாஸ் மாநிலத்து ஐடி சாஃப்ட்வேர் என்ற சிறிய கம்பெனியின் படைப்பு. ஜான் கார்மாக், ஜான் ரொமேரோ முதலிய சில இளைஞர்கள் சேர்ந்து செய்தது. 386 கம்ப்யூட்டரும் 4 மெகாபைட் நினைவகமும் இருந்தால் ஓடும். இன்றைய விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஓட்டக் குறைந்தது 16 கிகாபைட் கேட்கிறது. அதாவது நாலாயிரம் மடங்கு! வட்டில் 100 கிகாபைட் இடமும் வேண்டும்.

இத்தனை சிறிய இயந்திரத்தில் அத்தனை வேகம் எப்படி வந்தது? டிப்ளமோ படித்த புத்தி சும்மா இருக்குமா, தேடிப் படித்தேன். வரைபடத்தை ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரிப்பது, ஒவ்வொரு பாதியையும் மறுபடி இரண்டாகப் பிரிப்பது, இப்படியே சிறு துண்டுகள் ஆகும்வரை. இந்தப் பிரிவினையை முன்கூட்டியே செய்து வைத்துவிடுகிறார்கள். விளையாடும்போது எந்தச் சுவர் அருகில், எது அதன் பின்னால் என்று கம்ப்யூட்டர் திணற வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வரைந்தால் போதும். இந்த யோசனை 1980-லேயே ஆராய்ச்சிக் கட்டுரையாக வந்தது. அதை விளையாட்டுக்குக் கொண்டு வந்தவர் கார்மாக். நாங்களும் நீண்ட ரயில் பாதையை பிளாக் செக்‌ஷன்களாகப் பிரித்துத்தானே வண்டி ஓட்டினோம்? பெரிய வேலையைத் துண்டு போட்டால் சிறிய இயந்திரமும் செய்யும்.

இனி என் வீரப் பிரதாபம். முதல் வாரம் நிமிடத்துக்கொரு தரம் செத்தேன். 2020-ல் வந்த முந்தைய 'டூம் எடர்னல்' விளையாட்டில் தாவித் தாவி ஓட வேண்டுமாம். அது போர் விமானம் மாதிரி, இது டாங்கி மாதிரி என்று செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். என் பாஷையில் சொன்னால் அது ராஜதானி, இது சரக்கு இன்ஜின். இதில் ஓடக் கூடாது, நிற்க வேண்டும். பிசாசுகள் எறியும் அக்கினிக் குண்டுகளில் பச்சை நிறத்தில் வருவதை மட்டும், அது வந்து சேரும் கணத்தில் கேடயத்தால் தட்டினால், எறிந்தவன் மேலேயே திரும்பிப் போய் விழும்.

எனக்கு வந்த சோதனையைப் பாருங்கள். பச்சை என்றால் 'போ' என்று 37 வருடம் ஊறிப்போன புத்தி. பச்சையைக் கண்டதும் முன்னே போய்விடுவேன், குண்டு முகத்தில் வெடிக்கும். போனில் மகனிடம் புலம்பினேன். "அப்பா, இங்க பச்சைன்னா நில்லுங்க. கேடயத்தைத் தூக்குங்க" என்று சிரித்தான். அவன் என்னிடம் அப்படிச் சிரித்து எத்தனை வருடமாயிற்று!

இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தான். விளையாட்டின் வேகத்தைக் குறைக்கலாம், தட்டுவதற்கான நேரத்தைக் கூட்டலாம். அதற்கென்றே உள்ளே தனித்தனி அளவுகோல்கள் இருக்கின்றன. "அது திருட்டாட்டம் இல்லையா?" என்றேன். "செஞ்சவங்களே வெச்சிருக்காங்கப்பா. அப்புறம் அது எப்படித் திருட்டாகும்?" என்றான். வேகத்தைக் குறைத்தேன். கண்புரை ஆபரேஷன் ஆன கண்ணும், மரத்துப் போகும் விரலும் கொண்டு நான்காவது அத்தியாயம் தாண்டினேன். வாரம் ஒரு போன் என்பது தினம் ஒரு போன் ஆயிற்று.

ஒரு ராத்திரி பழைய டூம் கதையை மேலும் படித்தபோதுதான் அந்தச் செய்தி கண்ணில் பட்டது. முதல் டூம் 'ஷேர்வேர்' முறையில் வந்ததாம். மூன்று பகுதிகளில் முதல் பகுதி, அதன் ஒன்பது கட்டங்களும், இலவசம். யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம், நண்பருக்குக் கொடுக்கலாம். கடைக்காரர்கள் பிளாப்பியில் போட்டு விற்று லாபத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளவும் கம்பெனி அனுமதித்திருந்தது. பிடித்தவர்கள் மற்ற இரண்டு பகுதிகளைக் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு பலித்தது என்பதை உலகம் அறியும்.

புத்தகத்தை, அதாவது செல்போனை, மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் அவனை அழைத்தேன்.

"டேய், நீ வாங்கிட்டு வந்த அந்த பிளாப்பி... அது திருட்டுச் சரக்கு இல்லையாமேடா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "தெரியும்ப்பா. முதல் பாகம் ஃப்ரீன்னு அன்னைக்கே சொல்ல வந்தேன். நீங்க கேக்கலை."

"தப்புப் பண்ணிட்டேன்டா."

மறுபடி மௌனம். பிறகு, "அஞ்சாவது அத்தியாயம் ஆரம்பிச்சாச்சா?" என்றான். குரல் சற்றுக் கம்மியிருந்தது. எனக்கும் அப்படித்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது குழந்தைகள் விளையாட்டு அல்ல. ரத்தமும் வெட்டுக்குத்தும் ஏராளம். அமெரிக்காவில் 17 வயது, ஐரோப்பாவில் 18 வயது நிரம்பியவர்களுக்கே என்று முத்திரையிட்டிருக்கிறார்கள். 1999-ல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடத்திய இரு மாணவர்களும் டூம் ஆடியவர்கள் என்று பெரிய சர்ச்சை எழுந்தது. விளையாட்டுக் கம்பெனிகள் மீது போட்ட வழக்கு 2002-ல் தள்ளுபடி ஆயிற்று. ஆனாலும் 12 வயதுப் பையனுக்கு இது ஏற்றதல்ல என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அன்று நான் சொன்ன குற்றம் அதுவல்ல. திருட்டு என்றேன். அதை அவன் செய்யவில்லை. சரியான காரணத்தைச் சொல்லி, வயது வந்ததும் ஆடு என்று எடுத்து வைத்திருந்தால், நானும் அவனும் இத்தனை வருடம் மாத்திரையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்திருக்க மாட்டோம்.

சொந்த ஊரை விட்டு வந்து பிள்ளைகளை வளர்க்கும் நமக்குப் பயம் அதிகம். தெருவில் வேறு பாஷை, பள்ளியில் வேறு பழக்கம். பிள்ளை கையில் புதிதாக எதைப் பார்த்தாலும் முதலில் சந்தேகம்தான் வருகிறது. சந்தேகப்படுங்கள், தவறில்லை. ஆனால் அவன் வாயெடுக்கும்போது சொல்லி முடிக்க விடுங்கள். பிறகு உடைப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கலாம்.

சமீபத்தில் பேன்ஸி மார்க்கெட் பக்கம் போயிருந்தேன். செல்போன் உறைகளும் சார்ஜர்களும் மலை மலையாகக் குவிந்திருக்கின்றன. பிளாப்பி இருக்கிறதா என்று ஒரு கடைப் பையனிடம் வங்காளியில் கேட்டேன். அது என்ன பொருள் என்று திருப்பிக் கேட்டான். விளக்கிச் சொல்ல வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து பெட்டியைப் போட்டேன். பதினோராவது அத்தியாயம் நடக்கிறது. வேகத்தை ஒரு புள்ளி கூட்டியிருக்கிறேன். பொங்கலுக்கு மகன் வருகிறான். அதற்குள் 22-ஐயும் முடித்துவிட வேண்டும்.